மின்தடை நாளில் ஒரு வேலைக்கு அனுமதி வேண்டி

அனுப்புநர்:
சி. வெள்ளைத்துரை, வயது 74,
த/பெ. சின்னக்கருப்பன்,
2/47, கீழத்தெரு, நெடுங்கரைப்பட்டி,
சமயநல்லூர் வழி, மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சித்தலைவர் அலுவலகம், மதுரை.

பொருள்: நெடுங்கரைப்பட்டி நீரேற்று அறை – மோட்டார் அதிர்வு இரும்பு வழியாக என் வீட்டுச் சுவருக்கு வருதல் – மோட்டாரை நிறுத்தாமலும் இடம் மாற்றாமலும் அதிர்வை அடக்கும் பட்டை ஒட்டிக்கொள்ள – மாதாந்திர மின்தடை நாளில் செய்துகொள்ள – அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய மனுக்கள் மூன்று.
2. ஒலி அளவு வரம்புக்குள் உள்ளது என்று எனக்கு வந்த பதில்.
3. அரசுச் சொத்தில் கை வைத்ததாக எனக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கைக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டர் முத்துப்பாண்டி எழுதுகிறார். எந்த மோட்டாரைப் பற்றியதோ இந்த மனு, அந்த மோட்டாரை ஓட்டுபவரும் அவர்தான். முறைப்படி பார்த்தால் அவர் எனக்கு எதிர்த்தரப்பு. முந்தைய மூன்று மனுக்களை வேறு ஆட்கள் எழுதினார்கள். நான் சொன்னதையெல்லாம் சுருக்கி "தாங்க முடியாத இரைச்சல்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பதிலும் ஒரு வரியில் வந்தது. இந்த முறை முத்துப்பாண்டியே வந்து, "மாமா, மோட்டார நிறுத்துனா ஊரு என்னயக் காய்ச்சிரும். ஓட்டுனா அத்தை மொகத்துல முழிக்க முடியல. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம எழுதித் தாரேன்" என்றார். ஆகவே மனு கொஞ்சம் நீளமாக இருக்கும். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நான் கேட்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை. வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. அந்த மோட்டாரால்தான் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள மூன்று ஊருக்கும் தண்ணீர் ஏறுகிறது. அதற்கு முன் எங்கள் பெண்கள் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போய்வந்தவர்கள். தண்ணீர் வந்த முதல் நாள் குழாயடியில் முதல் குடம் பிடித்தவள் என் மனைவி இருளாயி. இன்றைக்கும் அவளிடம் கேட்டால், மோட்டார் ஓடட்டும் என்றுதான் சொல்வாள். நானும் அதையே சொல்கிறேன்.

2. 2022-ஆம் ஆண்டு இந்த நீரேற்று அறை என் வீட்டுப் பின்சுவரை ஒட்டி அமைக்கப்பட்டது. செங்கல் கட்டடம் அல்ல. இரும்புச் சட்டத்தில் இரும்புத் தகடு அடித்து, எங்கேயோ செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்த்தவுடன் எனக்குக் கப்பல் அறை ஞாபகம் வந்தது. உள்ளே இருபது குதிரைத்திறன் மோட்டார் இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றது ஆறும். காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மாற்றி மாற்றி ஓட்டம் நிற்காது. அறையின் சட்டம் ஒன்றின் நுனி என் சுவருக்குள் பதிந்திருக்கிறது. தண்ணீரை மேலே தள்ளும் குழாய் என் சுவரின் மேலேயே ஐந்து இரும்புக் கிளாம்ப் போட்டு ஏறுகிறது.

இதற்குச் சம்மதம் கொடுத்தவன் நான்தான். இதை மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் வந்து, "பெரியவரே, ஒங்க செவுத்துல நாலஞ்சு போல்ட் போட்டுக்கிறலாமா? தனியாத் தூணு எழுப்பணும்னா இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும்" என்றார். தண்ணீர் சீக்கிரம் வரட்டும் என்று பெருவிரல் வைத்துக் கொடுத்தேன். ஓடுகிற யந்திரத்தின் இரும்பைக் கொண்டுபோய் ஆள் படுக்கும் சுவரில் முடுக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த நேரத்தில் எனக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. குறை யார் மேல் என்று எழுத வேண்டுமானால் என் பெயரை முதலில் எழுதும்படி முத்துப்பாண்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

3. எனக்கு எப்படித் தெரியும் என்று ஐயா கேட்கலாம். 1976 முதல் 2003 வரை இருபத்தேழு வருடம் மேற்குக் கடற்கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தேன். எழுத்து தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை என்றால், கப்பலின் நடுக்கத்தை அடக்கும் வேலை.

கப்பலில் இன்ஜின் ஓடினால் அது கடலை மட்டும் தள்ளுவதில்லை. தான் உட்கார்ந்திருக்கும் மேடையை உதறும். மேடை சட்டத்தை உதறும். சட்டம் தகட்டை உதறும். தகடு மேலே ஆள் படுத்திருக்கும் கட்டிலை உதறும். காதைப் பொத்திக்கொண்டாலும் பல்லில் கேட்கும். இதற்குப் பஞ்சு அடைத்துப் பயனில்லை. நடுங்குகிற தகட்டின் மேலேயே, ரப்பரும் அல்லாமல் தாரும் அல்லாமல் இரண்டுக்கும் நடுவான ஒரு கனத்த பட்டையைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். அதற்கு மேல் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை வைத்து மூட வேண்டும். கீழ்த்தகடு துள்ளப் பார்க்கும். மேல்தகடு விடாது. நடுவில் அகப்பட்ட பட்டை அந்தத் துள்ளலைப் பிசைந்து பிசைந்து லேசான சூடாக்கித் தின்றுவிடும். அதற்குக் கரண்ட் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். கப்பல் இருக்கும் காலம் வரை சும்மா கிடந்தே வேலை பார்க்கும். அதனால் எங்கள் கூட்டத்தில் அதற்குச் "சோம்பேறி" என்று பெயர். சாயங்காலம் கை கழுவும்போது, "இன்னிக்கு எத்தன சோம்பேறியப் படுக்க வச்ச?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

ஒட்டுவதற்கு முன் தகட்டைத் துரு போகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் உருட்டி, உள்ளே காற்று நிற்காமல் வெளியேற்ற வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் ஒட்டினால் வீண். அங்கே நடுக்கம் குறைவு. தகட்டின் நடுவயிற்றில் ஒட்ட வேண்டும். எது நடுவயிறு என்று தெரிந்துகொள்ள, இன்ஜின் ஓடும்போது தகட்டின் மேல் சன்ன மணலைத் தூவுவோம். நடுங்கும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, நடுங்காத இடத்தில் கோடு கோடாகப் போய் ஒதுங்கும். வேலை முடிந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். ஒட்டாத தகடு மணி அடித்தது போல இழுத்துக்கொண்டே போகும். ஒட்டிய தகடு ஈரக் களிமண்ணைத் தட்டியது போல ஒரே தட்டில் அடங்கும். அந்த அடக்கத்தைக் கேட்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது ஐயா. அந்தப் பசையின் நெடியும், தேய்த்த இரும்பின் வாடையும் இப்போதும் எனக்கு மூக்கில் வரும். இன்னமும் எங்கே இரும்புக் கதவைக் கண்டாலும் என் விரல் தானாகப் போய்த் தட்டுகிறது. எங்கள் ஊர் ரேஷன் கடைக் கதவு நன்றாக இழுக்கும்.

4. இது மனுவுக்கு எதற்கு என்று முத்துப்பாண்டி கேட்டார். இதைச் சொல்லாவிட்டால் நான் எதை இழக்கிறேன் என்று ஐயாவுக்குத் தெரியாது. ஆகவே எழுதச் சொன்னேன்.

1984-ஆம் ஆண்டு தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றில் வேலை நடந்தது. வேலை முடியும் வரை எங்கள் கூட்டம் கப்பலிலேயே, ஜெனரேட்டருக்கு மேல் இருந்த அறையில் தங்கியது. எனக்கு எழுத வராது. இருளாயிக்குப் படிக்க வராது. அடுத்த ஆளை வைத்து எழுதினால் புருஷன் பெண்டாட்டி பேச வேண்டியதை எழுத முடியாது. ஆகவே டேப்பில் பேசி கேசட்டாக அனுப்புவோம். கேன்டீன் சமையற்காரர் திருப்பரங்குன்றம் தங்கப்பாண்டி லீவில் போகும்போது என் கேசட்டைக் கொண்டுபோவார். திரும்பும்போது அவள் பேசியதைக் கொண்டுவருவார். அந்த அறையில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பேசினேன். தங்கப்பாண்டி, "அண்ணே, பொண்டாட்டிகிட்ட இம்புட்டுச் சத்தமாப் பேசுறீங்களே, சண்டைக்கு வாரீகன்னு நெனச்சுக்கிறப் போகுது" என்று கேலி செய்தார்.

பதில் கேசட் வந்தது. இருளாயி சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது: "நீங்க பேசுனது ஒண்ணும் விளங்கல. அங்கிட்டு எந்நேரமும் மாவு மில்லு ஓடுது. கப்பல் வேலைன்னு சொல்லிட்டு மாவு மில்லுலயா கெடக்கீக? எங்க அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

அதன் பிறகு நாற்பது நாள், நாங்கள் படுத்திருந்த அந்த அறை உட்பட பதினாறு அறைகளுக்கு அடியில் பட்டை ஒட்டினோம். முடிந்ததும் அதே அறையில், அதே ஜெனரேட்டர் ஓட, சாதாரணமாகப் பேசி இன்னொரு கேசட் அனுப்பினேன். அதற்கு அவள் அனுப்பிய பதில்: "இப்பத்தேன் கேக்குது. சளி புடிச்சிருக்குல்ல? சொல்லாம மறைக்கிறீக. சுக்கத் தட்டிப் போட்டுக் குடிங்க."

எனக்குச் சளி பிடித்திருந்தது உண்மை. நான் சொல்லவில்லை. இன்ஜினியர் வர்கீஸ் சார் மீட்டர் வைத்து அளந்து, எத்தனை புள்ளி குறைந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அந்தச் சளிதான் அளவு.

இருபத்தேழு வருடத்தில் வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. நாங்கள் ஒரே கூரையில் இருந்தது கூட்டினால் இரண்டேகால் வருடம். மற்றதெல்லாம் கேசட். 2003-இல் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அந்த இருபத்தேழு வருடத்துப் பேச்சை உட்கார்ந்து பேசினோம். எந்தக் கிடாரி எப்போது கன்று போட்டது, எந்த வருடம் கண்மாய் மறுகால் பாய்ந்தது, மகளுக்குக் காது குத்தின அன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம் சொன்னாள். அதில் பாதியை ஏற்கெனவே கேசட்டில் சொல்லியிருக்கிறாள். நான் அதைச் சொன்னதில்லை.

5. அதே கப்பலில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினாறு அறையில் பதினைந்து அடங்கிவிட்டது. ஓர் அறை மட்டும் முனகிக்கொண்டே இருந்தது. பட்டையைப் பிரித்துப் பார்த்தோம், குறையில்லை. கடைசியில் வர்கீஸ் சார் அடியில் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தார். சட்டை மாட்டும் கொக்கிக் கம்பி ஒன்றைத் தரையில் நிறுத்துவதற்காக, மேல்தகட்டையும் பட்டையையும் ஊடுருவிச் சட்டத்தில் போய் முட்டும்படி நான் ஒரு போல்ட் முடுக்கியிருந்தேன். அடியில் இருந்த நடுக்கம் அந்த ஒரே போல்ட்டில் ஏறி மேலே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "வெள்ளைத்துரை இன்னைக்கு இந்த ரூம்ல படுக்கட்டும்" என்றார். படுத்தேன். காலையில் எழுந்து நானே கழற்றினேன். நாற்பது நாள் வேலையை ஒரு போல்ட் கெடுக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் என் வீட்டுச் சுவருக்கே ஐந்து கிளாம்ப், பத்து போல்ட் போடப் பெருவிரல் வைத்தேன்.

6. மோட்டார் வந்த முதல் இரண்டு வருடம் நான் புகார் எதுவும் செய்யவில்லை. இரும்பு வேலையில் என் இடது காது போய்விட்டது, வலது காதும் பாதிதான். ஆனால் அப்போது இருளாயியின் குரல் மோட்டாரை மிஞ்சும். "ஏ செவிட்டுக் கெழவா" என்று அவள் கூப்பிட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.

சென்ற ஆண்டு செப்டம்பரில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தாள். வலது கையும் காலும் ஓரளவு திரும்பின. குரல் திரும்பவில்லை. மூச்சுக் காற்றில் பேசுவது போலப் பேசுகிறாள். அமைதியான இடத்தில் என் வலது காதுக்கு அது கேட்கிறது. மோட்டார் ஓடும்போது சுவர் முனகுகிறது, கட்டில் முனகுகிறது, மாடத்தில் வைத்த டம்ளர் தானாக நகர்கிறது. அவள் வாய் அசைவது மட்டும் தெரிகிறது. மகள் வாங்கித் தந்த காது மிஷினை மாட்டினால் அந்த முனகலும் சேர்ந்து பெரிதாகிறது. முன்னறையில் படுக்க வைக்கலாம் என்றால் கழிப்பறை பின்னால்தான் இருக்கிறது, நடுவில் படி. இரவு ஒன்பதுக்கு மோட்டார் நிற்கும்போது அவள் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் கண் விழிக்கும்போது மோட்டார் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

கடந்த அக்டோபர் 16-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் அவள் கட்டிலிலிருந்து நான்கடி தூரத்தில், வாசலைப் பார்த்து உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான்கைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. பிறகு தானே எழுந்து போகப் பார்த்து விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அவள் விழுந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. தரை வழியாகக் காலில்தான் தெரிந்தது.

கே.கே. நகரில் இருக்கும் எங்கள் மகள் தாமரைச்செல்வி அன்றைக்கே வந்தாள். "அப்பா, அம்மா கூப்பிட்டா ஒங்களுக்குக் கேக்கல. நான் எந்தத் தைரியத்துல விட்டுட்டுப் போக? அடுத்த மாசக் கடைசியில அம்மாவக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அவர்கள் இருப்பது மாடியில் இரண்டு அறை வீடு, இன்னொரு ஆளுக்கு இடம் உண்டு, இரண்டு ஆளுக்கு இல்லை. நான் வாரம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அப்படி இருந்து பழகினவன்தான். இந்த வயதில் இன்னொரு முறை பழக என்னால் முடியாது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. என் முந்தைய மனுக்களின் மேல் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் அலுவலர் மீட்டருடன் வந்தார். தெருவில் நின்று அளந்தார், வாசலில் நின்று அளந்தார். வரம்புக்குள் இருக்கிறது என்றார். அது பொய் இல்லை. அறைக்கு வெளியே காற்றில் வரும் சத்தம் அதிகம் இல்லைதான். எங்களுக்கு வருவது இரும்பிலும் சுவரிலும் வருகிறது. "சார், செவுத்துல கைய வச்சுப் பாருங்க" என்று கேட்டேன். மீட்டரில் அப்படி ஒரு பதிவுக்கு இடமில்லை என்று சொல்லிப் போய்விட்டார். மீட்டருக்குக் காது இருக்கிறது, கை இல்லை.

பிறகு ஒப்பந்தக்காரர் அறைக்குள் நான்கு பக்கமும் தெர்மாகோல் ஒட்டினார். அது வெயிலுக்கு நல்லது. அடுத்து மோட்டாருக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்தார். அது சரியான யோசனை. ஆனால் அந்த ரப்பரை ஊடுருவி, கீழ்ச்சட்டம் வரை இறுகும்படி நான்கு இரும்பு போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். இரும்பும் இரும்பும் மறுபடி சேர்ந்துவிட்டன. ரப்பர் பார்வைக்கு இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பழைய ஆளைப் பார்த்தது போல இருந்தது. நான் கொக்கிக்குப் போட்டது இதே போல்ட்தான்.

8. எச்சரிக்கைக் கடிதம் பற்றி. சென்ற மாதம் ஒரு நாள் முத்துப்பாண்டியின் முன்னிலையில் அறைக்குள் போய், மோட்டார் ஓடும்போது தரைத் தகட்டின் மேல் கோலமாவைத் தூவினேன். இருளாயி கை விழுந்ததிலிருந்து அந்த டப்பா அப்படியே இருந்தது. மாவு ஓடி ஒதுங்கிக் கோடு கோடாக நின்றது. எங்கே பட்டை ஒட்ட வேண்டும் என்று முழுவதும் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியால் ஆறு இடத்தில் குறி போட்டேன். இருளாயிக்குக் காட்ட முத்துப்பாண்டி தன் போனில் படம் எடுத்து வந்தார். பார்த்துவிட்டு வாயசைத்தாள். அன்று கேட்கவில்லை. பின்னொரு நாள் கேட்டபோது, "புள்ளி இல்லாமயே போட்டிருக்கு, என்னய விட நல்லாத்தேன் போட்டிருக்கு" என்று சொன்னதாகச் சொன்னாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் என் சுவரில் இருந்த கிளாம்ப் ஒன்றின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். ஐந்து வருட உத்தரவாதத்தில் இருக்கும் பொருளில் கை வைத்ததாகப் புகார் கொடுத்தார், எனக்குக் கடிதம் வந்தது. நான் செய்தது தவறு. அனுமதி கேட்டுச் செய்திருக்க வேண்டும். அந்த அனுமதியைத்தான் இப்போது கேட்கிறேன்.

9. எங்கள் பகுதிக்கு மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் நிறுத்துகிறார்கள். ஊரில் எல்லோரும் அந்த நாளைத் திட்டுவார்கள். என் வீட்டில் அது வேறு மாதிரி. ஒன்பது மணிக்கு மோட்டார் நின்றதும் சுவர் நிற்கும், கட்டில் நிற்கும். நான் என் வலது காது அவள் பக்கம் இருக்கும்படி ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். சாயங்காலம் வரை பேசுவாள். மாதம் முழுவதும் சேர்த்து வைத்ததைப் பேசுவாள். மருந்து கசக்கிறது என்பதிலிருந்து, நான் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டு நான்கு நாள் திரிந்தது வரை சொல்வாள். சென்ற மாதம் மின்தடை நாளில், "அப்ப நீங்க இருந்தது கப்பலு, நான் இருந்தது வீடு. இப்ப வீட்டையே கப்பலாக்கிட்டாங்ய. ஒரு கேசட்டாச்சும் குடுத்திருக்கலாம்" என்றாள். சிரித்தாள். சிரிப்பும் கேட்டது.

மற்ற நாட்களில் அவள் பேச ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். கோபம் இல்லை. சும்மா நிறுத்திக்கொள்கிறாள்.

10. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது:

அ) அடுத்த மின்தடை இம்மாதம் 22-ஆம் தேதி சனிக்கிழமை என்று லைன்மேன் சொல்கிறார். எப்படியும் அன்று மோட்டார் ஓடாது. யாருக்கும் ஒரு குடம் தண்ணீர் குறையாது. அன்று ஒரு நாள் நீரேற்று அறைக்குள் வேலை செய்ய எழுத்தில் அனுமதி தர வேண்டும்.

ஆ) குறி போட்ட ஆறு இடத்தில் நான் பட்டை ஒட்டி மேல்தகடு மூடுவேன். கப்பல் பட்டை இங்கே கிடைக்காது. கார் கதவுக்கு உள்பக்கம் ஒட்டும் தார்ப் பட்டை மதுரையில் கிடைக்கிறது, தட்டிப் பார்த்துத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். செலவு என்னுடையது.

இ) குழாய்க்குத் தரையிலிருந்து தனிக் கால் கொடுத்து, என் சுவரில் இருக்கும் ஐந்து கிளாம்பையும் எடுத்துவிட வேண்டும். சட்டத்தின் நுனிக்கும் தனிக் கால் கொடுத்துச் சுவரிலிருந்து விடுவிக்க வேண்டும். கால்களைச் சமயநல்லூர்ப் பட்டறையில் அடித்து வைத்தாயிற்று.

ஈ) மோட்டாரின் நான்கு போல்ட்டை நான் தொட மாட்டேன். ஒப்பந்தக்காரர் தன் ஆளையே அனுப்பிக் கழற்றி மாட்டட்டும். போல்ட்டைச் சுற்றி ரப்பர்க் குழல், தலைக்கு அடியில் ரப்பர் வாஷர், இந்த இரண்டையும் நான் தருகிறேன். அவர்கள் ஏற்கெனவே செய்த வேலை அப்போதுதான் வேலை செய்யும்.

உ) வேலை முடிந்த மறுநாள், மோட்டார் ஓடும்போது, அந்த அலுவலரையே மறுபடி அனுப்ப வேண்டும். மீட்டரும் கொண்டுவரட்டும். ஒரு கையை மட்டும் காலியாக வைத்துக்கொண்டு வரட்டும்.

வேலை சரியாக வராவிட்டால் ஒட்டியதையெல்லாம் என் செலவில் பிரித்தெடுத்து, அறையைப் பழையபடி ஒப்படைக்கிறேன். மாதக் கடைசியில் என் மகள் வரும்போது மறுப்புச் சொல்லாமல் அனுப்பியும் வைப்பேன். இதைத் தனியாகவும் எழுதிக் கொடுக்கத் தயார்.

கடைசியாக ஒன்று. 22-ஆம் தேதி காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நான் அந்த அறைக்குள் குனிந்து கிடப்பேன். இந்த மாதம் எங்களுக்குப் பேசக் கிடைக்கும் ஒரே நாள் அது. இருளாயியிடம் கேட்டேன். தலையை ஆட்டிச் சரி என்றாள். அந்த நாளை இந்த வேலைக்குக் கொடுக்கிறோம். ஐயா அதற்கு உண்டான அனுமதியைத் தந்தால், அடுத்த நாள் மோட்டார் ஓடும்போது அவள் கூப்பிட்டு நான் திரும்பிப் பார்ப்பேன். எங்களுக்கு அது போதும்.

இங்ஙனம், தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,

சி. வெள்ளைத்துரை – இடது பெருவிரல் ரேகை
(பசை வேலையில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷினிலும் விழுவதில்லை. அடையாளத்துக்கு என் மனைவியின் ரேகையும் கீழே உள்ளது.)

வெ. இருளாயி – வலது பெருவிரல் ரேகை

இடம்: நெடுங்கரைப்பட்டி
நாள்: 10.11.2025

இணைப்பு: எச்சரிக்கைக் கடிதத்தின் நகல், மருத்துவமனைச் சீட்டின் நகல், தரைத் தகட்டில் கோலமாவு ஒதுங்கிய படம்.

எழுதியவர் குறிப்பு: மேற்கண்ட மனுவை மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்து, அவருக்கும் அவர் மனைவிக்கும் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இருவரும் சரி என்ற பின் ரேகை பெறப்பட்டது. வாசிப்பதற்காக இன்று காலை 10.20 முதல் 10.50 வரை மோட்டாரை நிறுத்தி வைத்தேன். வாசித்து முடிக்கப் பதினைந்து நிமிடம்தான் ஆனது. மீதிப் பதினைந்து நிமிடம் அத்தை பேசிக்கொண்டிருந்ததால் நான் போடவில்லை. ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறேன். இதற்கு நானே பொறுப்பு.

முத்துப்பாண்டி,
மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஆபரேட்டர்,
நெடுங்கரைப்பட்டி.